நன்று, மேற்படி, மேற்படி

ஜூலை 14, திங்கள்

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு சுற்றறிக்கை. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் பிரசவ வார்டில் தாய்ப்பால் ஆலோசனை மையம் அமைக்க வேண்டுமாம். அன்று தாய்ப்பால் வார விழா ஆரம்பம். இணை இயக்குநர் (ஜே.டி.) மேடம் வந்து ரிப்பன் வெட்டுவார்.

“எப்சிபா சிஸ்டர், பொறுப்பு உங்களுக்குத்தான். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பதிவேடெல்லாம் பாக்கவே அழகா இருக்கும்” என்றார்.

பால் கொடுப்பதற்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருட சர்வீஸில் கேட்கக் கூடாத கேள்விகள் எவையென்று எனக்கு அத்துபடி.

ஒதுக்கிய அறை வார்டின் கோடியில் இருக்கிறது. உள்ளே மூன்று கால் கட்டில்கள் நான்கு, ஆறு வருடப் பழைய காலண்டர் ஒன்று, செத்த எலி ஒன்று. இன்று எலியை மட்டும் அப்புறப்படுத்தினோம்.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருகிறேன் என்றார். அவர் நாளை என்பது நாளை அல்ல.

ஜூலை 16, புதன்

பயிற்சி வகுப்பு. நடத்தியவர் குழந்தை மருத்துவர் இளவேனில். என் மகளை விட இரண்டு வயது சின்னவர். ஒரு கையில் பொம்மை, இன்னொரு கையில் கம்பளி நூலில் பின்னிய மார்பு. பொம்மைக்கு ஒரு கண் இல்லை. இருந்தாலும் நன்றாகக் குடித்தது.

“வாய் நல்லாத் திறந்திருக்கணும். தாடை மார்ல ஒட்டியிருக்கணும். விழுங்குற சத்தம் கேக்கணும். கட்டில் பக்கத்துல உக்காந்து, ஒரு தடவையாவது ஆரம்பத்துல இருந்து முடியுற வரைக்கும் பாக்கணும் சிஸ்டர். இருபது நிமிஷம் ஆகும்” என்றார்.

வார்டில் முப்பத்திரண்டு தாய்மார். ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் பத்தரை மணி நேரத்துக்கு மேல். என் டியூட்டி ஆறு மணி நேரம். இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

புதிய பதிவேடும் வந்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் காலை, மதியம், மாலை என மூன்று வேளை. “பால் குடித்தல்” என்ற கட்டத்தில் முதல் வேளைக்கு நன்று என்று எழுதி, அப்புறம் மேற்படி, மேற்படி என்று இறங்க வேண்டியதுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாப் பதிவேடுகளும் அப்படித்தான் நிரம்புகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வார்த்தையே மேற்படிதான்.

ஜூலை 18, வெள்ளி

பெயின்டர் அறைச் சுவரில் தாயும் சேயும் வரைந்துவிட்டார். அவர் வழக்கமாகக் கட்சிச் சுவர் எழுதுகிறவர். தாய் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையை வாக்காளர்களுக்கு உயர்த்துகிறாள். கையை இறக்கச் சொன்னேன். “இறக்குனா தோள்பட்டை கோணிக்கும்க்கா” என்றார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரைக்குப் பச்சைத் துணி வந்தது. நாற்காலி நான்கு வந்தது. குழந்தை எடை பார்க்கும் இயந்திரம் கேட்டு ஸ்டோருக்கு இண்டென்ட் எழுதினேன், இல்லை என்றார்கள். வார்டில் இருப்பதையே எடுத்துவந்து மேசை மேல் வைத்தேன். அறைக்கு ஒரு களை வந்தது. தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டினேன்.

ஜூலை 21, திங்கள்

காலையில் சிசேரியன் மூன்று. அதில் ஒன்று நாகஜோதி, வயது இருபத்திரண்டு, பெண் குழந்தை, இரண்டு கிலோ நானூறு. புருஷன் கருப்பசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மாமியார் வெள்ளத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு சின்ன மருந்து பாட்டிலோடு நேராக என்னிடம் வந்தார்.

“சிஸ்டர், பிள்ளைக்கு நீங்க சேனை வச்சு விடணும்.”

சேனை என்றால் பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பது. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வருமாம். அதனால் ஊரில் நல்ல ஆளாகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். என்னை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். “வெள்ளச் சேல, நிமிந்த நட, யாருக்கும் பயப்படாத பேச்சு. எம் பேத்தி இப்பிடி வரணும்” என்றார்.

தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கூடாது என்று கால் மணி நேரம் விளக்கினேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி விளக்கினேன். வெள்ளத்தாய் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டிலை முந்தியில் முடிந்துகொண்டார். மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நிமிர்ந்த நடை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அழைப்பிதழ் அச்சுப் பிழை திருத்தினேன். தாய்ப்பால் என்பதில் ப் இல்லை.

பதிவேட்டை ஆறு நிமிடத்தில் முடித்தேன். பொறுப்பு என்னுடையது என்பதால் மதியம், மாலைக் கட்டங்களையும் காலையிலேயே நிரப்பிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற ஷிஃப்ட்காரர்கள் கோழி கிளறியது போல எழுதி வைப்பார்கள்.

கடந்து போகும்போது நாகஜோதி, “சிஸ்டர், பிள்ள தூங்கிக்கிட்டே இருக்கு” என்றாள். “சமத்துப் பிள்ளை. நீயும் தூங்கு” என்றேன்.

ஜூலை 23, புதன்

கிரைண்டர் மெக்கானிக் வந்தார். பெல்ட் போய்விட்டதாம். பெல்ட் வாங்கப் போனவர் திரும்பவில்லை.

திரை தைத்து வந்தது, நீளம் முக்கால் அடி குறைவு. தையல்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். வெள்ளத்தாய் நடுவில் வந்து, “வாய வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டுக் கண்ண மூடிருது சிஸ்டர், ஒரு எட்டு வந்து பாருங்களேன்” என்றார். வருகிறேன் என்றேன். பதிவேடு முடிந்தது.

ஜூலை 24, வியாழன்

நான் பதிவேட்டை முடித்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் இளவேனில் ரவுண்ட்ஸ் வந்தார். நாகஜோதியின் கட்டிலில் நின்றார். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அது கண் திறக்கவில்லை. மறுபடி சுண்டினார். துணியை விலக்கினால் வயிறு வரை மஞ்சள். மூத்திரத் துணியில் செங்கல் நிறத்தில் கறை, பால் பற்றாத பிள்ளைக்கு வருவது.

“எடை எவ்வளவு?”

எடை இயந்திரம் புது அறையில் இருந்தது. ஓடினேன். டேப்பைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது. பிறக்கும்போது இரண்டு கிலோ நானூறு. இன்று இரண்டு கிலோ ஐம்பது.

டாக்டரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு நடந்தார். நடந்தார் என்று எழுதுகிறேன். ஓடினார். திரும்பி வந்து பதிவேட்டைக் கேட்டார். நன்று, மேற்படி, மேற்படி என்று விரல் வைத்துக் கடைசி வரை படித்தார். “இது யார் பாத்து எழுதுனது?” என்றார். “வார்டில் எழுதினது டாக்டர்” என்றேன்.

இதற்குள் ஆயா தலையணைக்கு அடியிலிருந்து சீனித்தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டாள். வெள்ளத்தாய் மறைக்கவில்லை. “ஒரே ஒரு சொட்டு. பிள்ள பொறந்த அன்னைக்கு. யாரும் வைக்க மாட்டேன்னுட்டாகளேன்னு நானே தொட்டு வச்சேன்” என்றார். கருப்பசாமி எல்லோர் முன்னாலும் பெற்ற தாயைப் பார்த்துக் கத்தினான். கண்காணிப்பாளர் வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. “எழுதி வாங்கிருங்க சிஸ்டர்” என்றார்.

எழுதினேன். “மருத்துவமனையின் அறிவுரையை மீறி நான் குழந்தைக்குச் சீனித்தண்ணீர் கொடுத்தேன். அதனால் குழந்தை தாய்ப்பால் குடிக்கவில்லை. இதற்கு மருத்துவமனை பொறுப்பல்ல.” வெள்ளத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

“அப்ப நாந்தான் காரணமா சிஸ்டர்?”

“அப்படித்தான் எழுதியிருக்கு” என்றேன்.

பெருவிரல் ரேகை வைத்தார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

நாகஜோதியிடம் பால் பீய்ச்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் உட்கார்ந்தேன். வெந்நீர்த் துணி ஒற்றி, விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டி, முதல் கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அவள் அழுதாள். அப்புறம் மஞ்சளாக ஒரு சொட்டு. நாற்பது நிமிடத்தில், பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையின் அடி மறைந்தது. அதைக் குழந்தைப் பிரிவுக்கு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். வழியில் கண்காணிப்பாளர் ஏதோ கேட்டார். நிற்கவில்லை.

வெள்ளத்தாய் கீழே சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாராம். மகன் பேசுவதில்லை. சாப்பிடுவதுமில்லையாம். அவர்கள் குடும்ப விஷயம்.

ஆயாவிடம் நாலு இட்லி கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

டாக்டர் இளவேனிலிடம் சேனையைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன்.

“அது தப்புதான் சிஸ்டர். ஆனா ஒரு சொட்டுச் சீனித்தண்ணில முன்னூத்தம்பது கிராம் எறங்காது. பிள்ள சின்னது, தாய்க்கு ஆபரேஷன் வலி, ஆரம்பத்துல இருந்தே மார்ல சரியாப் பிடிக்கல. பசியில தூங்கியிருக்கு. நம்ம அதத் தூக்கம்னு நெனச்சுட்டோம். யாராவது ஒரு தடவ உக்காந்து பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்.”

நம்ம என்றார். நல்ல பெண்.

விழாவுக்கு எத்தனை நாற்காலி போடுவது என்று கேட்டேன்.

இன்றும் இட்லி. கிரைண்டர் சரியாகாததால் கடை மாவு.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் நீளம். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் இவர் கேட்டதற்கு, கால் வலி என்றேன்.

ஜூலை 28, திங்கள்

குழந்தை கண் விழித்து அழுகிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழத் தெம்பில்லாத பிள்ளையைத்தான் நான் சமத்துப் பிள்ளை என்றேன்.

இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. நன்று என்று போட்டது நான். அதற்குக் கீழே எட்டு மேற்படி போட்டதும் நான். ஒன்பது வேளையில் ஒரு வேளை கூட நான் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்காரவில்லை. தாய் சொன்னாள், மாமியார் சொன்னார். நான் திரைத்துணி அளந்துகொண்டிருந்தேன். ஒரு பொம்பளையிடம் அவள் செய்யாத குற்றத்தை எழுதி வாங்கி, அவளுக்கே வாசித்துக் காட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஓய்வு.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “நீயே எழுதி, நீயே சாட்சியா?” என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

ஜூலை 29, செவ்வாய்

மதியம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். வெள்ளத்தாய் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன். சிமென்ட் தரை சுட்டது.

“ஒங்க சேனையால இல்லம்மா. பிள்ளை பொறந்ததுல இருந்தே சரியாக் குடிக்கல. நாகஜோதி சொன்னா, நீங்களும் கூப்பிட்டீங்க. நான் வந்து பாக்கல. குடிக்குதுன்னு எழுதி வச்சிட்டேன்.”

“பாக்காமயா?”

“பாக்காம.”

“எத்தன தடவ?”

“ஒம்பது.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அஞ்சு நாளா எம் மகன் எம் மூஞ்சியப் பாக்கல. பேத்தியக் கொல்லப் பாத்தவன்னு என்னைய நானே வைதுக்கிட்டுக் கெடக்கேன். நீங்க தெனம் இந்த வழியாத்தான போனீக?”

“ஆமா.”

“இட்லி வேற குடுத்து விட்டீக. எதுக்குன்னு இப்பத்தான் வெளங்குது.”

முந்தியை உதறிக்கொண்டு எழுந்தார். “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? மேல வாங்க. அன்னைக்கு எத்தன பேரு முன்னாடி என்னையச் சொன்னாகளோ அத்தன பேரு முன்னாடி சொல்லுங்க.”

மாடி ஏறினோம். அவர் முன்னால், நான் பின்னால். வார்டில் நாகஜோதி, கருப்பசாமி, சுற்றிலும் கட்டில்கள். பார்வையாளர் நேரம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. நின்றுகொண்டு சொன்னேன். கீழே சொன்னதையே சொன்னேன், ஒன்பது என்பது உட்பட. நாகஜோதி, “நான் சொன்னேன்ல சிஸ்டர்” என்றாள். கருப்பசாமி தன் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அவருக்கு டீ வாங்கப் போய்விட்டான். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கண்காணிப்பாளரிடம் அந்த வாக்குமூலத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஃபைல்ல போயிருச்சு. உங்களுக்கு என்ன சிஸ்டர் ஆச்சு, விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கு” என்றார். நடந்ததை ஒரு தாளில் எழுதி, ஒன்பது வேளையையும் குறிப்பிட்டு, அதையும் அதே ஃபைலில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவசரமாக எழுதியதில் எழுத்து கோணல் மாணலாக வந்தது.

ஜூலை 30, புதன்

வார்டுக்குள் காலை வைத்ததும் மூன்றாம் கட்டிலில் இருந்து குரல். “சிஸ்டர், எம் பிள்ளைக்கு எதுவும் எழுதிறாதீக. மொதல்ல வந்து பாருங்க.” பிறகு ஏழாம் கட்டில். பிறகு பத்து. என் பேனாவைக் கண்டாலே பிள்ளையை முந்தியால் மூடிக்கொள்கிறார்கள்.

உட்கார்ந்து பார்த்தேன். டியூட்டி முடிய மொத்தம் பதினோரு பேர். அதில் நாலு பேருக்குப் பிள்ளை பிடித்திருந்த விதமே தப்பு. இதற்கு முன் எத்தனை நாலு பேரோ.

மீதி இருபத்தொரு பேரின் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். சர்வீஸில் முதல் தடவை.

ஜூலை 31, வியாழன்

குறிப்பாணை வந்துவிட்டது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். கண்காணிப்பாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளை மேடைப் பக்கம் வர வேண்டாமாம், வார்டைப் பார்த்துக்கொண்டால் போதுமாம்.

சாயங்காலம் குழந்தையை நாகஜோதியிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கிலோ இருநூற்று அறுபது. இதுவரை பாலாடையில்தான் குடித்தது. நாளை முதல் மார்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். “பிடிச்சுருச்சுன்னா வீட்டுக்குப் போகலாம். பிடிக்கலைன்னா திரும்ப உள்ளதான்” என்றார்.

வெள்ளத்தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பிள்ளையை மட்டும் தொடவில்லை. நாகஜோதி நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பதினொரு மணிக்குத் திறப்பு விழா. நாதஸ்வரம் கேசட்டில். அறைக்குள் நாற்காலியில் உட்கார வைக்க ஒரு தாய் வேண்டுமென்று கிளார்க் வார்டுக்கு வந்து கெஞ்சினார். ஒருவரும் போகவில்லை. “சிஸ்டர் இங்கதான இருக்காக” என்றார்கள்.

அதே நேரம் நாகஜோதியின் பிள்ளை பசித்து அழ ஆரம்பித்தது. நல்ல சத்தம். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தலையணையை மடித்து வைத்து, தையல் மேல் படாமல் பிள்ளையைக் கை இடுக்கில் படுக்க வைத்தோம். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை நுனியை மட்டும் பிடித்தது, எடுத்துவிட்டேன். “முடியாது போல சிஸ்டர்” என்றாள் நாகஜோதி. மூன்றாம் தடவை, நாலாம் தடவை. அதன் மேல் உதட்டை முலைக்காம்பால் வருடிக்கொண்டே காத்திருந்தோம். கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தது. அப்படியே சேர்த்து அணைத்தோம். பிடித்துக்கொண்டது.

கிளார்க் மறுபடி ஓடி வந்தார். “சிஸ்டர், ஜே.டி. மேடம் மையத்துக்குப் பொறுப்பு யாருன்னு கேக்குறாங்க. போட்டோவுக்கு நிக்கிறாங்க. கண்காணிப்பாளர் சாரே உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு, சீக்கிரம்.”

பழக்க தோஷம், எழுந்துவிட்டேன். வெள்ளத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். தீப்பெட்டி ஒட்டிக் காய்த்துப்போன விரல்கள்.

“இன்னும் குடிச்சுக்கிட்டுத்தான இருக்கு?”

உட்கார்ந்தேன். அவர் கையை விடவில்லை. மூன்று பேரும் பிள்ளையின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இழுத்தது, நிறுத்தியது, விழுங்கியது. விழுங்குகிற சத்தம் கேட்டது. இருபத்தொன்பது வருடத்தில் இந்தச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது இந்த வாரத்தில்தான். கண் கலங்கியது. துடைக்க ஒரு கைதான் இருந்தது.

கிளார்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஒரு பக்கம் பதினாலு நிமிடம், மாற்றி வைத்து மறுபக்கம் ஒன்பது. பிறகு பிள்ளை தானாகவே வாயை விட்டது. உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைத் திறந்து முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. இது தூக்கம்தான்.

வெள்ளத்தாய் குனிந்து, பிள்ளையின் கடைவாயில் வழிந்த பாலை முந்தி நுனியால் ஒற்றி எடுத்தார். எட்டு நாளுக்குப் பிறகு இப்போதுதான் அதைத் தொடுகிறார். அப்புறம் என் கையை விட்டார்.

“இப்பப் போங்க” என்றார்.